தீர்க்கதரிசிகளைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள்

“பொய் சொன்னா யோனாவை முழுங்குன மாதிரி உன்னையும் மீன் முழுங்கிடும்.” காரைக்குடியில் நான் எடுக்கும் ஞாயிறு பைபிள் வகுப்புக்கு வரும் ஒரு பையனிடம் அவன் அப்பத்தா சொன்னது இது. பைபிளில் வரும் தீர்க்கதரிசி யோனா பொய் சொன்னதாகக் கதையில் இல்லை. எதிரி ஊரான நினிவேக்குப் போகக் கடவுள் சொன்னால், தர்சீசு என்ற வேறு ஊருக்குக் கப்பல் ஏறினார், அவ்வளவுதான். அந்த மீனும் அவரைக் கொல்ல வரவில்லை; கப்பலிலிருந்து கடலில் எறியப்பட்டவரை மூழ்காமல் காப்பாற்றியதே அதுதான்.

அப்பத்தாவைக் குறை சொல்லிப் பயனில்லை. வகுப்பு எடுக்கும் நாங்களும் இதையேதான் செய்கிறோம். இன்னொரு தீர்க்கதரிசியான எரேமியாவின் புத்தகத்தில் வரும் குயவன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 18-ஆம் அதிகாரத்தில் சக்கரத்தில் இருக்கும் ஈர மண் கெட்டுப்போகிறது. குயவர் அதே மண்ணை வேறு பாண்டமாக வனைகிறார். 19-ஆம் அதிகாரத்தில் வருவது சுட்ட கலயம். அதை உடைத்தால் ஒட்டவைக்க முடியாது. எரேமியா அதை உடைத்துக் காட்டியது ஊர் மூப்பர்களுக்கும் ஆசாரியர்களுக்கும் முன்னால். நாமோ இரண்டையும் குழப்பி, “கீழ்ப்படியலைன்னா சாமி உன்னை உடைச்சிடும்” என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிடுகிறோம். முடிந்தால் மானாமதுரைக்குக் கூட்டிப்போய் ஒரு பானை வனைவதைக் காட்டுங்கள். ஈர மண்ணுக்கும் சுட்ட மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பிள்ளைகளின் கைக்கே தெரிந்துவிடும்.

இன்னொன்று, மீனோடு யோனா கதையை நிறுத்துவது. நாலு அதிகாரத்தில் மீன் இரண்டாவதிலேயே முடிந்துவிடுகிறது. எதிரி ஊர் மன்னிக்கப்பட்டுவிட்டதே என்று யோனா முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதும், நிழல் தந்த ஆமணக்குச் செடி காய்ந்ததற்கு வருத்தப்படுவதும் கடைசியில்தான் வருகின்றன. தன்னை அடித்தவனை டீச்சர் தண்டிக்காமல் விட்டால் வரும் கோபம் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது?

தீர்க்கதரிசி என்ற சொல்லையும் விளக்காமல் விடக்கூடாது. “நடக்கப்போறதைச் சொல்றவரா? அப்போ கோடாங்கி மாதிரியா?” என்று ஒரு பெண் கேட்டாள். கத்தோலிக்கர்கள் சொல்லும் ‘இறைவாக்கினர்’ இந்த இடத்தில் கைகொடுக்கிறது: கடவுளின் வார்த்தையைச் சொல்பவர். வருங்காலத்தைப் பற்றியும் பேசினார்கள்தான், ஆனால் பெரும்பாலும் கண்முன்னே நடக்கும் அநியாயத்தைத் தட்டிக்கேட்டார்கள்.

ஆமோஸ் அப்படித்தான். கி.மு. 8-ஆம் நூற்றாண்டு, ஆடு மேய்ப்பவர், காட்டத்திப் பழம் பொறுக்குபவர். தானியம் அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, கள்ளத் தராசில் ஏழைகளை ஏமாற்றிய வியாபாரிகளைத் திட்டினார். இங்கே மரக்கால் என்றால் என்ன என்று காட்டாமலே வசனத்தை மனப்பாடம் செய்யவைக்கிறோம். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய படியும் மரக்காலும் பார்க்கலாம். ஒன்றில் அரிசியை அளந்து காட்டினால் போதும், மீதியைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஆனால் அன்று மாலையே, “நம்ம கடைத் தராசு சரியா இருக்காப்பா?” என்று வீட்டில் கேள்வி வரும். அதற்குப் பெரியவர்கள் எரிந்து விழுந்தால் ஆமோஸ் அத்தோடு போச்சு.

கடைசியாக எரேமியா 29:11. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்ற வசனத்தைப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அட்டையில் எழுதிக் கொடுப்பது நம் வழக்கம். கொடுக்கட்டும், தப்பில்லை. ஆனால் மார்க் குறைந்ததும் பிள்ளை வசனத்தையே சந்தேகப்படும். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம். திரும்பிவர 70 ஆண்டு ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. ஒரு காலத்தில் ரங்கூனுக்குக் கடுதாசி எழுதிக் காத்திருந்த ஊர்கள் இவை. பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமில்லை. அந்தக் கடிதத்தை முழுசாக வாசித்த அன்று, அப்பா சிங்கப்பூரில் இருக்கும் ஒரு பையன் கையைத் தூக்கினான்.

“அக்கா, எங்க அப்பாவும் அங்க தொட்டியில கறிவேப்பிலை வச்சிருக்காரு.”