சிறார் கதை எழுத ஆசையா? அப்ப இந்தத் தப்பெல்லாம் வேண்டாம்

சின்ன வயசுல இருந்தே கதைன்னா உசுரு, பாட்டி சொன்ன கதை, அம்புலிமாமா, வாண்டுமாமா, கோகுலம், காமிக்ஸ்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் சோறு தண்ணி மறந்து படிச்சவங்க நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க. அவங்கள்ல சில பேர் ரிட்டயர் ஆனதும், இல்ல பசங்க காலேஜுக்குப் போனதும், சரி இனிமேலாவது நம்ம ஆசைப்படி குழந்தைங்களுக்கு எழுதுவோம்னு உக்கார்றாங்க. நல்ல ஆசைதான், குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா பதிப்பகத்துக்கு வர்ற கதைங்களைப் படிச்சுட்டு கருத்து சொல்ற வேலையை நான் ரொம்ப நாளா செய்றேன், அதுல கண்கூடா பார்க்கிறது என்னன்னா, எழுத வராம திரும்பிப் போற கதை கம்மி, பழைய கதை மேல இருக்கிற அந்தப் பாசமே கண்ணை மறைச்சு திரும்பிப் போற கதைதான் ஜாஸ்தி.

அம்புலிமாமா 1947ல ஆரம்பிச்சு 2013ல நின்னு போச்சு. கோகுலம் 1972ல வந்தது, 2020ல அச்சு நின்னுடுச்சு. ஆனா அதைப் படிச்சு வளர்ந்தவங்க மனசுல அது இன்னும் மாசாமாசம் வந்துகிட்டே இருக்கு போல. பேனாவை எடுத்தா போதும், "முன்னொரு காலத்தில் விசாலபுரி என்னும் நாட்டை"ன்னு கை தானா ஓடுது. ராஜா கதை எழுதக் கூடாதுன்னு யாரும் சொல்லல, பசங்களுக்கு ராஜாவை இன்னும் பிடிக்கும். ஆனா அந்த ராஜா மாறுவேஷத்துல நகர்வலம் போய், ஒரு விறகுவெட்டியோட நேர்மையைச் சோதிச்சுப் பார்த்து, பொற்கிழி குடுத்து அனுப்பி வச்சார்னா, அதை எழுதுனது நீங்க இல்ல, உங்க ஞாபகம். எழுதி முடிச்சதும் உங்களுக்கு ஒரு சந்தோஷம் வரும் பாருங்க, அதைத்தான் நம்பக் கூடாது, ஏன்னா அது உங்க எட்டு வயசுக்குக் கிடைச்ச சந்தோஷம், இப்ப எட்டு வயசுல இருக்கிற பிள்ளைக்கு அதுல பங்கே இல்ல.

அந்தப் பிள்ளை ஷேர் ஆட்டோல ஏழு பேரோட நெருக்கியடிச்சு ஸ்கூலுக்குப் போகுது. அப்பா வெளிநாட்டுல, வீடியோ கால்லதான் பார்க்குது, கால் கட் ஆகும்போது அப்பா வாய் பாதி திறந்தபடி உறைஞ்சு நிக்கும். 2022ல இருந்து அரசு ஆரம்பப் பள்ளிகள்ல காலைச் சாப்பாடு போடுறாங்க, உப்புமா, கிச்சடி, பொங்கல்னு நாளுக்கு ஒண்ணு, கிச்சடி நாள்ல மட்டும் லேட்டா வர்ற பையன் ஒருத்தன் எல்லா ஸ்கூல்லயும் இருப்பான், அவன் ஏன் லேட்டா வர்றான்னு யோசிச்சாலே ஒரு கதை வந்துடும். இதெல்லாம் கண்ணு முன்னாடி கெடக்க, நாம விசாலபுரிக்குப் போயிடுறோம்.

பழசுல இருந்து கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற அழுக்கும் உண்டு. கெட்டவன்னா கருப்பா குண்டா இருப்பான், சித்தின்னா கொடுமைக்காரி, வேலைக்காரன்னா முட்டாள், பொண்ணுன்னா தண்ணி எடுக்கப் போவா இல்ல யாராவது வந்து காப்பாத்துற வரைக்கும் அழுதுகிட்டு இருப்பா. எழுதுறவங்க கெட்ட எண்ணத்துல எழுதல, நாம படிச்சப்போ அப்படித்தான் இருந்துச்சு, அவ்ளோதான். ஆனா அந்தக் கதையை கருப்பா குண்டா இருக்கிற ஒரு பிள்ளையும் வகுப்புல உக்காந்து கேட்கும்ல, பக்கத்துல இருக்கிறவன் அவனைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பான்ல. எழுதி முடிச்சதும் இதுக்காகவே தனியா ஒரு தடவை படிங்க.

அடுத்தது நீதி. இதைப் பத்தி எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருக்கேன்னு கணக்கே இல்ல. மாதிரிக்கு ஒரு கதை சொல்றேன், இந்த மாதிரிதான் நிறைய வரும். மூணாங்கிளாஸ் பொண்ணு ஒருத்தி பக்கத்து பெஞ்சு தோழியோட வாசனை ரப்பரை எடுத்து தன் ஜாமெட்ரி பாக்ஸுக்குள்ள ஒளிச்சு வச்சுடுறா. ஸ்ட்ராபெர்ரி வாசனை. பாக்ஸைத் திறந்தா வாசனை வெளிய வந்துடுமேன்னு பயந்து கணக்கு பீரியட்ல ஸ்கேலை எடுக்காமலே கோடு போடுறா, கோடு கோணலா போகுது, டீச்சர் ஏன்னு கேட்கிறாங்க, பதில் சொல்ல முடியல. இது வரைக்கும் அருமை, படிக்கிற எனக்கே கை வேர்க்குது. அடுத்த பக்கத்துல டீச்சர் அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சு, திருடுறது தப்பும்மா, மகாத்மா காந்தி என்ன சொல்லியிருக்கார் தெரியுமான்னு ஆரம்பிச்சு ஒன்றரைப் பக்கம் பேசுறாங்க, கடைசி வரி "ஆகவே குழந்தைகளே". அந்த ஒன்றரைப் பக்கத்தை அப்படியே வெட்டிட்டு, அவளே பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி பாக்ஸைத் திறந்து தோழி பக்கமா தள்ளி விடுறான்னு ஒரே வரியில முடிச்சுப் பாருங்க. பிள்ளைக்குப் புரியாதோன்னு எழுதுறவருக்குத்தான் பயம், அந்தக் கோணல் கோட்டுலயே அதுக்குப் புரிஞ்சு போச்சு.

அப்புறம் வயசு. எந்த வயசுக்கு எழுதியிருக்கீங்கன்னு கேட்டா "எல்லாக் குழந்தைகளுக்கும்"னு பதில் வருது. அப்படி ஒரு குழந்தை கிடையாது. நாலு வயசுப் பிள்ளைக்கு நாம படிச்சுக் காட்டுறோம், ஆறு ஏழு வயசுப் பிள்ளை எழுத்துக்கூட்டி தானே படிக்குது, பத்து வயசுப் பிள்ளை ரகசியமா தனியா படிக்கணும்னு ஆசைப்படுது. மூணு பேருக்கும் மூணு விதமா எழுதணும். தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை 2023ல கொண்டு வந்த வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சிருக்காங்க, பக்கத்து அரசுப் பள்ளியில கேட்டு வாங்கிப் புரட்டிப் பாருங்க, படிக்குப் படி வாக்கியம் எப்படி நீளுதுன்னு தெரியும். பிரதம் புக்ஸ்ங்கிற பதிப்பகம் 2015ல தொடங்குன ஸ்டோரிவீவர் இணையதளத்துலயும் தமிழ்ப் படக்கதைங்க லெவல் பிரிச்சு இலவசமா கிடைக்குது.

நம்ம எழுத்துத் தமிழ்ல வேற ஒரு சிக்கல் இருக்கு. "சென்றுகொண்டிருந்தபோது"ன்னு சாதாரணமா எழுதிட்டுப் போயிடுறோம், எண்ணிப் பாருங்க, 11 எழுத்து. எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை "போது"க்கு வர்றதுக்குள்ள "சென்று" மறந்து போயிடும். "மீனா போனாள். வழியில் ஒரு நாய்."னு உடைச்சுட்டா வேலை முடிஞ்சுது. அதே மாதிரி பேச்சு. கதையில ரெண்டு பசங்க கிரிக்கெட் ஆடும்போது "நண்பா, பந்தை என்னிடம் எறிவாயாக"ன்னா பேசிக்குவாங்க? அதுக்காக முழுக்க முழுக்க வட்டார வழக்குல எழுதுனா வேற ஊர்ப் பிள்ளை முழிக்கும். கதையை எளிமையான எழுத்துத் தமிழ்லயும், பேசுறதை மட்டும் பேச்சுத் தமிழ்லயும் வச்சுக்கிறது எனக்குப் பிடிச்ச வழி. இதுல ஆளுக்கு ஒரு கருத்து உண்டு, ஒத்துக்காத எடிட்டருங்களும் இருக்காங்க.

"என் பேத்திக்கு ரொம்பப் பிடிச்சுது சார்"னு கதையோட அனுப்புற கடிதத்துல எழுதாதீங்க, ப்ளீஸ். பேத்திக்குத் தாத்தாவைப் பிடிக்கும், தாத்தா மடியில உக்காந்து கேட்டா மின்சார பில்லும் பிடிக்கும். உங்களைத் தெரியாத பசங்ககிட்ட படிச்சுக் காட்டணும். நூலகத்துலயோ, தலைமையாசிரியர்கிட்ட கேட்டுட்டு பக்கத்து ஸ்கூல்லயோ ஒரு பீரியட் போதும். படிச்சு முடிச்சுட்டு கதை நல்லா இருந்துச்சான்னு மட்டும் கேட்காதீங்க, "நல்லா இருந்துச்சூ"ன்னு கோரஸா கத்திட்டுப் போயிடுவாங்க, அது அவங்களுக்குப் பழக்கம். படிக்கும்போது அவங்களைக் கவனிங்க. எந்த இடத்துல ஒருத்தன் முன்னாடி இருக்கிறவன் சட்டையை இழுக்கிறான், எந்த இடத்துல எல்லாரும் ஜன்னலைப் பார்க்கிறாங்க, அங்க பேப்பர் ஓரத்துல பென்சில்ல ஒரு கோடு. மறுநாள் போய் அந்தக் கதையை உங்களுக்கே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க, அவங்க விட்டுட்டுச் சொல்ற பகுதி பெரும்பாலும் உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வர்ணனையாத்தான் இருக்கும்.

படப் புத்தகம் எழுதுறவங்க பண்றது இன்னொண்ணு. "சிவப்புப் பாவாடை அணிந்து, இரட்டைச் சடை பின்னி, மாமரத்தடியில் சோகமாக அமர்ந்திருந்தாள் மீனா." இதுல பாவாடை, சடை, மாமரம், சோகம் எல்லாத்தையும் ஓவியர் வரைஞ்சுடுவார், அப்ப உங்க வரி எதுக்கு? படத்துல வராததை எழுதுங்க, அவ ஏன் உக்காந்திருக்கா, மனசுக்குள்ள யாரைத் திட்டுறான்னு. பக்கக் கணக்கும் தெரிஞ்சிருக்கணும். பெரிய தாள்ல ரெண்டு பக்கமும் அச்சடிச்சு மடிச்சா 16 பக்கம் வரும், பாதித் தாள்னா 8, அதனாலதான் படப் புத்தகங்க 16, 24, 32ன்னு வருது, உங்க கதை 19 பக்கம்னு யாரும் புத்தகம் போட மாட்டாங்க. வெள்ளைத்தாளை மடிச்சு ஒரு டம்மி செஞ்சு எந்தப் பக்கத்துல எந்த வரின்னு எழுதிப் பார்த்தா, பக்கம் திருப்புற இடத்துல ஆச்சரியம் இருக்கா இல்ல பாதி வாக்கியம் தொங்குதான்னு தெரிஞ்சுடும். சொந்தக்காரப் பையன் நல்லா வரைவான்னு முன்கூட்டியே காசு குடுத்து படம் போட்டு அனுப்பாதீங்க, ஓவியரைப் பெரும்பாலும் பதிப்பகமே தேர்ந்தெடுக்கும்.

இப்ப வர்றதைப் படிக்காம எழுதுறது, இதுதான் எனக்குக் கோபம் வர்ற விஷயம். உங்களுக்குப் பிடிச்ச சிறார் எழுத்தாளர் யாருன்னு கேட்டா 1970களோட நிறுத்திக்கிறாங்க. சாகித்ய அகாடமி 2010ல இருந்து பால சாகித்ய புரஸ்கார்னு தனி விருதே குடுக்குது, யெஸ். பாலபாரதி, உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன்னு வாங்குனவங்க பேர் வரிசையா இருக்கு, அந்த லிஸ்டை வச்சுக்கிட்டே ஒரு வருஷம் படிக்கலாம். துளிர், தும்பி மாதிரி பத்திரிகைகளையும் தூலிகா, தாரா பதிப்பகங்க போடுற படப் புத்தகங்களையும் சென்னை புத்தகக் காட்சிக்குப் போனா நின்னுகிட்டே புரட்டலாம், வாங்கலன்னா யாரும் திட்ட மாட்டாங்க. (நான் மட்டும் வாங்காம வந்ததே இல்ல, வீட்டுல வைக்க இடம் இல்ல.)

கேட்ட கதையைத் திருப்பி எழுதுறவங்க ஒண்ணை ஞாபகம் வச்சுக்கணும். நாட்டுப்புறக் கதை யாருக்கும் சொந்தமில்ல, ஆனா அதை ஒருத்தர் தன் நடையில எழுதுன வடிவம் அவருக்குச் சொந்தம். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 வருஷம் வரைக்கும் பதிப்புரிமை இருக்கு. வாட்ஸ்அப்ல பேர் இல்லாம வந்துச்சுங்கிறதால அது பேர் இல்லாத கதை ஆகிடாது. பாட்டிகிட்ட கேட்டதுன்னா எந்த ஊர், யார் சொன்னதுன்னு கீழ ஒரு வரி போட்டுடுங்க, அது கதைக்கும் அழகு.

கடைசியா காசு. புத்தகம் வந்தா போதும்னு இருக்கிற ஆசையில நீட்டுன காகிதத்துல கையெழுத்துப் போட்டுடுறாங்க. ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், எந்த உரிமை, எத்தனை வருஷம், எந்த நாட்டுக்கு, ராயல்டி, அதாவது விக்கிற காப்பியில உங்களுக்கு வர்ற பங்கு, எவ்ளோன்னு தெளிவா இருக்கணும். வருஷம் போடலன்னா 5 வருஷம்னும், இடம் போடலன்னா இந்தியாவுக்குள்ளன்னும்தான் சட்டம் எடுத்துக்கும், அதனால "நிரந்தரமாக, உலகம் முழுவதும், அனைத்து உரிமைகளும்"னு ஒரு வரி எங்கயாவது சின்ன எழுத்துல இருக்கான்னு தேடுங்க. ஒலிப்புத்தகம், மொழிபெயர்ப்பு, அனிமேஷன் எல்லாம் அந்த ஒரு வரிக்குள்ள போயிடும். நீங்களே காசு குடுத்து அச்சடிக்கிறதும் தப்பில்ல, ஆனா ஐஎஸ்பிஎன்ங்கிற புத்தக அடையாள எண்ணை வாங்கித் தர்றதுக்குத் தனியா காசுன்னு யாராவது சொன்னா உஷார், இந்தியாவுல அரசாங்கம் அதை இலவசமாத்தான் குடுக்குது. முதல் தடவையே ஆயிரம் காப்பி போடாதீங்க, விக்கிறதுக்கு ஆள் கிடைக்காது, கட்டிலுக்கு அடியில கரையான்தான் முதல் வாசகரா வரும். இப்ப ஐம்பது நூறுன்னு டிஜிட்டல் பிரிண்ட் போட்டுக் குடுக்கிறாங்க, ஒரு காப்பிக்கு விலை கொஞ்சம் ஜாஸ்தி ஆகும், பரவால்ல, அதுல பத்து காப்பியை பக்கத்து ஸ்கூல் லைப்ரரிக்குக் குடுத்துட்டு ஒரு மாசம் கழிச்சுப் போய் எது கிழிஞ்சிருக்குன்னு பாருங்க, கிழியாம அப்படியே இருந்தா அடுத்த ஐம்பதைப் போடாதீங்க.