விறகுக்கு விலை போடுவது எப்படி? கடலூர், புதுச்சேரிப் பக்கம் புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு

விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "சவுக்கு கிலோ என்ன ரேட்டு, புளி என்ன ரேட்டு?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த ஒரு கிலோவில் மரம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? இந்தத் தொழிலின் லாப நட்டம் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. மரத்தின் பெயரைப் பார்த்து விலை போடுவதெல்லாம் அப்புறம்.

படி 1: மரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

நம் பக்கத்தில் விறகு என்றால் முதலில் சவுக்கு. கடலோர மணலில் நன்றாக வரும் மரம். 19ஆம் நூற்றாண்டில் ரயில் இன்ஜின்களுக்கு எரிபொருள் வேண்டும் என்றே சென்னை மாகாணக் கடற்கரையில் இதைத் தோப்பு தோப்பாக வளர்த்தார்கள். கெட்டி மரம், சாம்பல் குறைவு. அரைகுறையாகக் காய்ந்திருந்தாலும் மற்ற மரங்களைவிடப் பரவாயில்லாமல் எரியும். நேரான மரம் சாரத்துக்கும் பந்தலுக்கும் போய்விடும். காகித ஆலைக்கும் டன் கணக்கில் போகும். தொட்டிக்கு வருவது வளைந்த மரம், மிளார் என்கிற சிறு கிளைகள், வேர்க்கட்டை. வேர்க்கட்டையை மட்டமாக நினைக்க வேண்டாம், தணல் நெடுநேரம் நிற்கும்.

அடுத்தது வேலிகாத்தான், அதாவது சீமைக்கருவேலம். கெட்டியிலும் தணலிலும் சவுக்குக்குக் குறைந்ததில்லை. முள்ளைக் கழித்து, ஒரே அளவாக வெட்டிக் கொடுக்கிற கூலிதான் இதில் கூடுதல் செலவு. புளி அருமையான விறகு. ஆனால் முறுக்கு மரம், பிளப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். அந்தக் கூலியைச் சேர்க்காமல் புளிக்கு விலை சொல்லாதீர்கள். தைலமரம் சுறுசுறுப்பாக எரியும், அது தண்ணீர் சுடவைக்க நல்லது.

பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கம் முந்திரி விறகு நிறைய வரும். கொஞ்சம் மென்மையான மரம், சீக்கிரம் பற்றி சீக்கிரம் தீரும். மாமரமும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டையும் அதிக நாள் போட்டு வைத்தால் உளுத்துப் போகும். வேம்பு எரியும் என்றாலும், புகை கசக்கும் என்று சமையல்காரர்கள் பலர் தொட மாட்டார்கள். முருங்கை, இலவம், உதியன் இவற்றையெல்லாம் விறகு என்று வாங்கவே வேண்டாம்.

இப்போது புதியவர்கள் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். முழுக்கக் காய்ந்த மரம் எதுவானாலும் கிலோவுக்குக் கிடைக்கும் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான், 4,500 முதல் 5,000 கிலோகலோரி வரை. ஒரு கிலோ சவுக்கும் ஒரு கிலோ மாமர விறகும் சூட்டில் பெரிய வித்தியாசம் காட்டாது. ஆனால் அதே கன அளவுக் குவியலில் சவுக்கு எடை மிக அதிகம். ஆகவே கட்டுக் கணக்கிலோ வண்டிக் கணக்கிலோ விற்றால் கெட்டி மரத்துக்குக் கண்டிப்பாகக் கூடுதல் விலை வேண்டும். எடைக்கு விற்கும்போது நீங்கள் கேட்கிற கூடுதல் விலை தணலுக்கும், புகை இல்லாமைக்கும், ஒரே அளவாக வெட்டித் தருவதற்கும்தான். "ஏன் சவுக்கு மட்டும் விலை அதிகம்?" என்று கேட்பவரிடம் இதை அப்படியே சொல்லலாம். உண்மையும் அதுதான்.

படி 2: எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

தோப்புக்காரரிடமோ தரகரிடமோ பட்டா நிலத்து மரத்தை மட்டும் வாங்குங்கள். நெடுஞ்சாலை ஓரப் புளியமரம் அரசுக்குச் சொந்தம், ஏலத்தில் எடுத்தவரிடம் மட்டுமே வாங்கலாம். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. பிச்சாவரம் பக்கத்து அலையாத்தி மரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை, அந்தக் காடு நம் கரையைக் காக்கிற காடு. சந்தனம், தேக்கு, ஈட்டி துண்டாக வந்தாலும் தொடாதீர்கள். கடலூரில் ஏற்றிப் புதுச்சேரியில் இறக்கினால் நடுவில் மாநில எல்லை இருக்கிறது. எந்த மரத்துக்கு என்ன சீட்டு வேண்டும் என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு ஏற்றுங்கள். விறகுக்கு ஜிஎஸ்டி இல்லை.

படி 3: ஈரத்தைக் கணக்குப் போடுங்கள்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய இடம் இது. அப்போது வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும். கெட்டி மரத்தில் சற்றுக் குறையும், முந்திரி, மா போன்றவற்றில் அதிகம். வெயிலில் நன்றாகக் காய்ந்த விறகில் 15 முதல் 20 சதவீதம் ஈரம் நிற்கும். அதற்குக் கீழே நம் கடற்கரைக் காற்றில் இறங்குவது கஷ்டம்.

1,000 கிலோ பச்சை மரம் வாங்குகிறீர்கள், பாதி தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். மரம் 500 கிலோ. 20 சதவீத ஈரத்துக்குக் காயும்போது மொத்தம் 625 கிலோ நிற்கும், அதில் ஐந்தில் ஒரு பங்கு, 125 கிலோ, தண்ணீர். பட்டை, தூள், சிராய் என்று கொஞ்சம் போனால் கையில் 600 கிலோ.

இனி பணக்கணக்கு. புரிவதற்காக வைத்த எண்கள் இவை, இன்றைய சந்தை விலை இல்லை. மரம் 1,800 ரூபாய், வண்டி வாடகை 600, இறக்கிப் பிளக்கும் கூலி 600. மொத்தம் 3,000 ரூபாய். இதை 1,000ஆல் வகுத்தால் கிலோ 3 ரூபாய் அடக்கம் என்று தோன்றும். நாலரை ரூபாய்க்கு விற்று ஒன்றரை ரூபாய் லாபம் என்று சந்தோஷப்படுவோம். ஆனால் விற்கப்போவது 600 கிலோ. 3,000ஐ 600ஆல் வகுத்தால் 5 ரூபாய். நாலரைக்கு விற்றால் கிலோவுக்கு ஐம்பது காசு நட்டம், அதுவும் இடத்து வாடகையைச் சேர்க்காமல். வாடகை, தார்ப்பாய், போட்ட பணம் மாதக்கணக்கில் முடங்கிக் கிடப்பது எல்லாவற்றுக்குமாக ஒரு ரூபாய், உங்களுக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால் 7 ரூபாய் வருகிறது.

உங்கள் சரக்கின் சரியான எண்ணை நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு லோடிலும் பத்து கிலோ பிளந்த விறகைத் தனியாகக் கட்டி, தேதி எழுதி, மற்ற விறகோடு காயவிடுங்கள். வாரம் ஒரு முறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றால் விறகு காய்ந்துவிட்டது. பத்து எத்தனை ஆனது என்பதுதான் உங்கள் விலைக்கணக்கின் அடிப்படை. ஆறரை ஆனதா, ஏழு ஆனதா என்று மரவாரியாக ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு வருடத்தில் அந்த நோட்டு எந்தத் தரகரின் பேச்சையும்விட நம்பகமானதாகிவிடும்.

படி 4: காயவைப்பது

உருட்டுக்கட்டையாக விட்டால் உள்ளே ஈரம் போகவே போகாது. மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்துவிடுங்கள். கீழே செங்கல்லோ கட்டையோ போட்டு, தரையில் படாமல், காற்று புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். மேலே மட்டும் மூடினால் போதும். பக்கமெல்லாம் தார்ப்பாயால் சுற்றினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். இரண்டு துண்டை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும், முனையில் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் இன்னும் ஈரம்.

நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். கோடையில் வாங்கிக் காயவைத்து, ஆவணிக்குள் கூரைக்கு அடியில் சேர்த்துவிட வேண்டும். மழையில் காய்ந்த விறகு வைத்திருப்பவர் சொல்வதுதான் விலை. புயல் அடித்தால் கதை மாறும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் தானே புயல் கரை கடந்தபோது முந்திரியும் பலாவும் தோப்போடு சாய்ந்தன. அத்தனை மரமும் ஒரே சமயத்தில் விறகாகும்போது விலை தரைக்கு வரும். மலிவாயிற்றே என்று அளவுக்கு மீறி வாங்காதீர்கள். உங்களால் பிளந்து, கூரையில் சேர்க்க முடிகிற அளவு போதும். மிச்சம் உளுத்துப் போகும்.

படி 5: யாருக்கு எது

கல்யாணச் சமையலுக்குக் கோட்டை அடுப்புக்கு ஏற்ற நீளத்தில் சவுக்கோ புளியோ கொடுங்கள். மாஸ்டர் "காய்ஞ்சதுதானே தம்பி?" என்று கேட்பார். ஒரு துண்டைப் பிளந்து உள்பக்கத்தைக் காட்டுங்கள், விலையைப் பற்றிப் பேச்சே வராது. பிரியாணிக் கடைக்கு மூடிமேல் போட கங்கு வேண்டும், அங்கே வேலிகாத்தானும் சவுக்கு வேர்க்கட்டையும். புதுச்சேரியில் விறகு அடுப்பில் ரொட்டியும் பீட்சாவும் சுடுகிறவர்கள் சிறிதாகப் பிளந்த, பட்டை குறைந்த, சுத்தமான விறகு கேட்பார்கள், அதற்கு நல்ல விலையும் கொடுப்பார்கள். பெயிண்ட் அடித்த பழைய பலகையை அதில் கலக்கவே கூடாது, சாப்பாட்டில் நஞ்சு சேரும். செங்கல் சூளைக்கு முந்திரி, கலப்பு மரம், மொத்தமாக, குறைந்த லாபத்தில். தை, வைகாசி, ஆவணியில் கல்யாணம். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் அம்மன் கோயில் கூழுக்கு விறகு போகும்.

சுடுகாட்டுக்கு விறகு கேட்டு வருகிறவர்களிடம் பேரம் பேசும் நிலை இருக்காது. பலகையில் எழுதிய விலை எதுவோ அதுவேதான், இரவில் வந்தாலும் ஒரு ரூபாய் கூடக் கூடாது. இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன்.

படி 6: உச்ச விலை எது?

ஹோட்டல்காரர் உங்கள் விறகைப் பக்கத்துத் தொட்டியோடு மட்டும் ஒப்பிடுவதில்லை, கேஸோடும் ஒப்பிடுகிறார். 19 கிலோ வணிக சிலிண்டரில் உள்ள சூடு, காய்ந்த விறகு ஏறக்குறைய 60 கிலோவுக்குச் சமம். ஆனால் கேஸ் அடுப்பு சூட்டில் பாதிக்கு மேல் பாத்திரத்துக்குக் கொடுக்கும், திறந்த விறகு அடுப்பு ஏழில் ஒரு பங்கு கொடுத்தாலே அதிகம். அதனால் நடைமுறையில் ஒரு சிலிண்டருக்கு அந்த 60 கிலோவைப் போல நான்கு மடங்கு, ஏறக்குறைய 240 கிலோ விறகு ஆகும். அன்றைய சிலிண்டர் விலையை 240ஆல் வகுத்துப் பாருங்கள். 1,900 ரூபாய் என்று வைத்தால் கிலோ 8 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் போனால் அவர் கேஸுக்கு மாறிவிடுவார். அடுப்பை மண் பூசி, புகைபோக்கி வைத்து நன்றாகக் கட்டியவருக்கு 150 கிலோவே போதுமானதாக இருக்கலாம். அவர் கூடுதல் விலை கொடுத்தாலும் அவருக்கு மிச்சம்தான். ஈர விறகு வாங்கியவருக்கு 240 கிலோவும் போதாது.

படி 7: எடையும் கடனும்

தராசு முத்திரை போட்டதாக இருக்கட்டும், ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். டன் கணக்கில் விற்றால் வாங்குபவரையும் எடை மேடைக்கு அழைத்துப்போய்ச் சீட்டைக் கையில் கொடுங்கள். பலகையில் "காய்ந்தது", "அரை ஈரம்" என்று இரண்டு விலை எழுதுங்கள். ஈர விறகைக் காய்ந்த விலைக்கு விற்பது வாங்குபவரிடம் தண்ணீருக்குக் காசு வாங்குவதாகும். ஹோட்டல்களுக்கு வாரக் கடன் கொடுக்காமல் நடக்காது. முதல் லோடுக்குக் காசு வந்த பிறகே மூன்றாவது லோடு என்று ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.