ஈ.ஐ. எடுப்பவர்கள் வேலை தேடும்போது விடும் தவறுகள்

கனடாவில் லே-ஓஃப் ஆகி (வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு) முதல்தடவை ஈ.ஐ. (வேலை இழந்தவர்களுக்கு அரசு கொடுக்கும் காப்புறுதிக் காசு) எடுப்பவர்கள் ஒரே இடங்களில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். விண்ணப்பத்தைப் பிந்திப் போடாதீர்கள், றிப்போர்ட்டை மறக்காதீர்கள் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். மற்றதைப் பார்ப்போம்.

எழுதி வைக்காமல் வேலை தேடுவது

ஆகக் கூடிய காசைக் கொண்டுபோகும் தவறு இதுதான். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போடும் றிப்போர்ட்டில், வேலைக்குத் தயாராக இருந்தேன் என்று பதில் கொடுத்தால் அலுவல் முடிந்தது என நினைக்கிறார்கள். காசும் வரும். ஆனால் தேடியதற்கான ஆதாரத்தை 6 வருடம் வைத்திருக்க வேண்டும். ஈ.ஐ.யைக் கவனிக்கும் அரச அமைப்பான சர்வீஸ் கனடா அதற்குள் எப்போதும் கேட்கலாம். காட்ட முடியாவிட்டால் அந்தக் கிழமைகளுக்கான உரிமை போய், எடுத்த காசைத் திருப்பிக் கட்டும் நிலை வரலாம். உண்மையிலேயே அலைந்து திரிந்தவர் எழுதி வைக்காத ஒரே காரணத்தால் கடனாளியாவதைப் பார்க்க இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

ஸ்காபரோவில் கிடங்கு கிடங்காக நேரே போய்க் கேட்பவர்களுக்கும், தெரிந்தவர்களிடம் சொல்லி வைப்பவர்களுக்கும் இது இன்னும் ஆபத்து. மின்னஞ்சல் எதுவும் மிஞ்சாது. அன்றிரவே கொப்பியில் எழுதுங்கள்:

"மார்ச் 4. பொதி கட்டும் வேலை. மார்க்கம் றோட் கிடங்கு (பெயர், விலாசம், போன்). நேரில் போனது, மேற்பார்வையாளரிடம் றெசுமே கொடுத்தது. மார்ச் 18 திரும்பக் கேட்டது, ஆள் எடுத்துவிட்டார்கள்."

ஒன்லைனில் போட்டால் விளம்பரத்தையும் படம் பிடித்து வையுங்கள். சில நாளில் அது இணையத்தில் இருக்காது. விண்ணப்பம் போடுவது மட்டும் தேடல் அல்ல. ஏஜென்சியில் பதிவது, வேலைவாய்ப்புச் சந்தைக்குப் போவது, றெசுமே பட்டறை, நேர்முகம் எல்லாம் கணக்கில் சேரும். கிழமைக்கு இத்தனை என்று விதி எண்ணிக்கை வைக்கவில்லை, தொடர்ந்து தேட வேண்டும் என்கிறது. முதல் கிழமை 20 விண்ணப்பம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தால் எடுபடாது.

"பகல் ஷிப்ட் மட்டும், வீட்டுக்குப் பக்கத்தில் மட்டும்"

உடல்நிலை, குடும்பப் பொறுப்பு, மத நம்பிக்கை ஆகியவற்றுக்கு விதியிலேயே இடமுண்டு. வெறும் விருப்பத்தை நிபந்தனையாக்கினால், வேலைக்குத் தயாராக இல்லை என்று முடிவெடுப்பார்கள்.

சொல்லாமல் ஊருக்குப் போவது

கனடாவுக்கு வெளியே நிற்கும் நாட்களுக்குப் பொதுவாக ஈ.ஐ. இல்லை. நெருங்கிய உறவினரின் மரணச்சடங்கு போன்ற சில காரணங்களுக்கு 7 நாள் வரை விலக்குண்டு. அதையும் றிப்போர்ட்டில் சொல்லியே ஆகவேண்டும். எல்லையில் பதிவாகும் பயணத் தேதிகள் ஈ.ஐ. பகுதிக்கும் போகும்.

வகுப்பில் சேர்ந்ததை மறைப்பது

படிப்போ பயிற்சியோ, தொடங்க முன்னரே சர்வீஸ் கனடாவுக்குச் சொல்லுங்கள்.

கையில் வந்த சம்பளத்தை எழுதுவது

ஈ.ஐ. எடுக்கும்போது இடையில் வேலை செய்தால், றிப்போர்ட்டில் வரி கழிக்க முந்திய தொகையை எழுதுங்கள். வேலை செய்த கிழமையில் போடுங்கள், செக் வந்த கிழமையில் அல்ல.