பி.யூ.சி.19-இன் பிரேக்கை ஜெல்லில் பார்ப்பது எப்படி?

பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாகப் பெருகும் சின்ன டி.என்.ஏ வட்டம்; பி.யூ.சி.19 அப்படி ஒன்று. அது நகலெடுப்பதைப் பாதியில் நிறுத்துவதில்லை. ஆரம்பித்துவிட்டால் வட்டம் முழுக்கச் சுற்றி முடித்துவிடும். கட்டுப்பாடெல்லாம் ஆரம்பிக்க விடுவதா, வேண்டாமா என்பதில்தான்.

பி.யூ.சி.19 சேர்ந்த கோல்ஈ1 வகையில், நகலெடுப்பின் தொடக்கப் புள்ளிக்கு 555 பேஸ் முன்னாலிருந்து ஆர்.என்.ஏ-2 உருவாகிறது. அது டி.என்.ஏவோடு ஒட்டிக்கொண்டால் ஆர்.என்.ஏஸ் எச் என்ற என்சைம் அதை வெட்டும். அந்த முனையைப் பிரைமராக (தொடக்கத் துண்டாக)ப் பிடித்து டி.என்.ஏ பாலிமரேஸ் 1 வேலையைத் தொடங்கும். பிரேக், எதிர் இழையிலிருந்து வரும் 108 பேஸ் நீள ஆர்.என்.ஏ-1. அது ஆர்.என்.ஏ-2-ஐப் பிடித்தால் மடிப்பு மாறிவிடும், பிரைமர் கிடைக்காது. பிளாஸ்மிட் பெருகப் பெருக ஆர்.என்.ஏ-1-உம் பெருகும். ராப் என்ற சின்னப் புரதம் இந்தப் பிடியை இறுக்கும்.

அதே வகைப் பிளாஸ்மிட்டான பி.பி.ஆர்.322-இல் இவை எல்லாம் இருப்பதால் செல்லுக்கு 15–20 நகல். பி.யூ.சி.19-இல் ராப் கிடையாது, ஆர்.என்.ஏ-2-இலும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் 37 டிகிரியில் 500-ஐத் தாண்டும். 30 டிகிரியில் அந்த மாற்றம் அடங்கிப்போகும். சோதனைக்கு இது போதும்.

1. பி.யூ.சி.19 உள்ள ஈ.கோலையின் ஒரே காலனியை இரண்டு குழாய்களில் போடுங்கள்: தலா 5 மில்லி எல்.பி. வளர்ப்பு ஊடகம், மில்லிக்கு 100 மைக்ரோகிராம் ஆம்பிசிலின்.

2. ஒன்று 37 டிகிரி ஷேக்கரில், மற்றது 30-இல், இரவு முழுக்க. சூடு மட்டும் ஏற்றும் ஷேக்கர் சென்னை மே மாதத்தில் 30-க்கு இறங்காது. குளிரூட்டும் வசதி உள்ளதுதான் வேண்டும். மேசையில் வைத்துவிட்டு ‘அறை வெப்பநிலை’ என்று எழுதிக்கொள்வது இந்த ஊரில் செல்லாது.

3. 30-இல் வளர்ச்சி மெதுவாக இருக்கும். 10 மடங்கு நீர்க்கச் செய்து 600 நானோமீட்டரில் கலங்கலை அளந்து, செல்களைச் சமப்படுத்துங்கள். 10-ஆல் பெருக்கிய அளவு 37-இல் 4, 30-இல் 3 என்று வந்தால் முதலாவதில் 1.5 மில்லி, இரண்டாவதில் 2 மில்லி. இதை விட்டால் சோதனையே வீண்.

4. வழக்கமான ஆல்கலைன் லைசிஸ் (காரத்தால் செல்லை உடைத்துப் பிளாஸ்மிட்டைப் பிரிக்கும் முறை): கரைசல்கள் 100, 200, 150 மைக்ரோலிட்டர். ஏசி லேபில் இரண்டாம் கரைசலில் எஸ்.டி.எஸ். என்ற டிடர்ஜென்ட் வெள்ளையாகப் படிந்திருந்தால் லேசாகச் சூடாக்குங்கள். அதைச் சேர்த்தபின் வோர்டெக்ஸ் கூடாது, குரோமோசோம் நொறுங்கிக் கலந்துவிடும். 5 நிமிடத்துக்கு மேல் விட்டால் பிளாஸ்மிட் கெட்டு, என்சைம் வெட்டாது.

5. இரண்டையும் ஒரே கன அளவில் கரைத்து, ஈகோஆர்1 என்ற என்சைமால் வெட்டி, 1% அகரோஸில் சம அளவு ஏற்றுங்கள். 2,686 பேஸ் ஜோடியில் ஒரே பட்டை. 37-இன் பட்டை கண்ணுக்கே தடிப்பாகத் தெரியும்.

நானோடிராப் (டி.என்.ஏ அளவைக் காட்டும் கருவி) எண்ணை மட்டும் நம்பாதீர்கள், மிச்ச ஆர்.என்.ஏவையும் அது சேர்த்தே காட்டும். இரண்டு பட்டையும் ஒரே மாதிரி வந்தால் முதலில் 30 டிகிரி ஷேக்கருக்குள் ஒரு தெர்மாமீட்டரை வையுங்கள்.