அப்பா அம்மாவையும் கூடப்பிறந்தவர்களையும் அமெரிக்காவுக்கு ஸ்பான்சர் செய்வது எப்படி?

கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர்கள் அப்பா அம்மாவையோ அண்ணன் தங்கையையோ ஸ்பான்சர் செய்ய முடியாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கியிருக்க வேண்டும், 21 வயது முடிந்திருக்க வேண்டும். எல்லோருக்கும் மனு ஒன்றேதான், ஐ-130. அப்புறம் போகிற பாதைதான் முற்றிலும் வேறு.

பெற்றோருக்கு ஆண்டு உச்சவரம்பே கிடையாது, அதனால் மனு பரிசீலனைக்கும் நேர்காணலுக்கும் ஆகும் காலம்தான். அப்பாவுக்குத் தனி, அம்மாவுக்குத் தனி என்று இரண்டு மனு போட வேண்டும். அவர்களோடு வேறு யாரும் ஒட்டிக்கொண்டு வர முடியாது, ஊரில் படிக்கிற 17 வயதுத் தம்பியாக இருந்தாலும்.

கூடப்பிறந்தவர்கள் கதை வேறு. எஃப்4 பிரிவில் உலகம் முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 65,000 விசாதான், அதிலும் நாட்டுக்கு நாடு வரம்பு உண்டு. 2025-இல் இந்தியர்களுக்கான வரிசை 2006-இல் மனு போட்டவர்களிடம்தான் நின்றுகொண்டிருந்தது! உங்கள் மனு போய்ச் சேர்ந்த தேதிதான் வரிசையில் உங்கள் இடம், அதனால் அண்ணன் வருவாரா மாட்டாரா என்று வீட்டில் பேசி முடிக்கும்வரை காத்திருக்காமல் குடியுரிமை கிடைத்த கையோடு போட்டுவிடுங்கள், வேண்டாமென்றால் பிறகு விட்டுவிடலாம். அண்ணி, கல்யாணமாகாத 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரும் அதே மனுவில் வரலாம். பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிடுமே என்றால், ஒப்புதல் வராமல் மனு கிடந்த காலத்தை விசா எண் கிடைக்கும்போது இருக்கும் வயதிலிருந்து கழித்துக்கொள்வார்கள், ஆகவே இங்கே தாமதம்கூட லாபம்தான். ஒரு சிக்கல்: மனு போட்டதை டூரிஸ்ட் விசா படிவத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதற்கப்புறம் அந்த விசா கிடைப்பது கொஞ்சம் கஷ்டமாகலாம்.

தம்பிக்கோ தங்கைக்கோ இன்னும் கல்யாணமாகவில்லையா? அம்மா கிரீன் கார்டு வாங்கியதும் அம்மா பெயரிலும் ஒரு மனு போடச் சொல்லுங்கள். அந்த வரிசை எஃப்4-ஐ விட வேகமாக நகரும். அம்மா குடியுரிமை வாங்குவதற்குள் கல்யாணம் செய்துகொண்டால் அந்த மனு செல்லாது, உங்கள் எஃப்4 அப்படியே இருக்கும்.

பல குடும்பங்களில் வேலை இழுப்பது பிறப்புச் சான்றிதழில்தான். பழைய சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது, 'ஆண்' என்று மட்டும் இருக்கும். அம்மா பெயர் அங்கே ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் இன்னொரு மாதிரி. இனிஷியல் ஒரு இடத்தில் விரிந்திருக்கும், ஒரு இடத்தில் சுருங்கியிருக்கும். அண்ணனுக்குப் போடும்போது இருவர் சான்றிதழிலும் பெற்றோரில் ஒருவராவது பொதுவாகத் தெரிய வேண்டும். அப்பாவுக்கென்றால் பெற்றோரின் திருமணச் சான்றும் வேண்டும். கோயிலில் கட்டிய தாலிக்குப் பதிவு இல்லையென்றால் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள். சான்றிதழே இல்லையென்றால் பதிவு இல்லை என்ற கடிதத்தை உள்ளாட்சி அலுவலகத்தில் வாங்கி, விவரம் தெரிந்த உறவினர்களின் உறுதிமொழிப் பத்திரங்களையும் சேர்க்கலாம்.

விசா கட்டத்தில், வருபவர்களின் செலவுக்கு நான் பொறுப்பு என்று உறுதி தரும் ஐ-864 படிவத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் வருமானம் வறுமைக்கோட்டு அளவின் 125 சதவீதமாவது இருக்க வேண்டும், வருபவர்களையும் குடும்ப எண்ணிக்கையில் சேர்த்துத்தான் கணக்கு. குறைந்தால் அமெரிக்காவில் இருக்கும் இன்னொருவர் கூட்டு ஸ்பான்சராக வரலாம். வந்தவர் குடியுரிமை வாங்கும்வரை, அல்லது 40 காலாண்டு (சுமார் பத்து ஆண்டு) வேலைக் கணக்கு சேரும்வரை பொறுப்பு உங்களுடையது. கூட்டு ஸ்பான்சராக நண்பரைக் கேட்குமுன் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.