சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கடன் அடைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடன் அடைப்பதற்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை தனி ஆளை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை. செலவைக் குறை, இன்னொரு வேலை பார், மிச்சம் பிடித்ததை எல்லாம் கடனில் போடு. கைக்குழந்தையோ பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிள்ளையோ இருக்கும் வீட்டில் இதை அப்படியே செய்ய முடியாது. ராத்திரி நாலு முறை எழுந்திருக்கும் தாயோ தகப்பனோ இரண்டாவது வேலைக்கு எங்கே போவது? மாதாமாதம் வளரும் பிள்ளையின் காலுக்குச் செருப்பு பத்தாமல் போனால், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப் போட முடியுமா?

இப்படிப்பட்ட குடும்பங்கள் கடனைப் பாதி அடைத்துவிட்டு மறுபடி விழுவதற்கு ஊதாரித்தனம் காரணமாக இருப்பது குறைவு என்பது என் எண்ணம். பெரும்பாலும் திட்டம் போட்ட விதத்திலேயே பிழை இருக்கிறது. குழந்தை இல்லாத வீட்டுக்கான கணக்கைக் குழந்தை இருக்கும் வீட்டில் போடுகிறார்கள்.

மூச்சு விட இடம் வைக்காத திட்டம்

எல்லாவற்றுக்கும் முதலில் வரும் தவறு இதுதான். ஒரு நாள் கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, மீதி 15,000. சரி, அவ்வளவையும் கடனுக்கே கட்டிவிடலாம் என்று முடிவு செய்கிறார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போகிறது. நாலாவது மாதம் குழந்தைக்குக் காய்ச்சல், மருத்துவர், பரிசோதனை, மருந்து. அந்தச் செலவு கிரெடிட் கார்டில் ஏறுகிறது. அடுத்த மாதம் பள்ளிக் கட்டணம். அதுவும் அங்கேயே போகிறது. அப்புறம் "நம்மால் இது ஆகாது" என்று மனம் விட்டுப்போகிறது.

காய்ச்சல் எந்தத் தேதியில் வரும் என்று தெரியாது. ஆனால் வருஷத்தில் சில முறை வரும் என்பது தெரியும். பள்ளிக் கட்டணத்துக்குத் தேதியே தெரியும். இவற்றை எதிர்பாராத செலவு என்று சொல்வது சரியில்லை.

செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, கடனில் கூடுதலாகக் கட்டத் தொடங்குவதற்கு முன்பே ஒரு சின்னக் கையிருப்பைச் சேர்ப்பது. ஒரு மாத அடிப்படைச் செலவு இருந்தால் நல்லது. முடியாவிட்டால் பாதி மாதத்துக்கானதில் தொடங்கலாம். அது அன்றாடம் புழங்கும் கணக்கில் இல்லாமல் தனியாக இருக்கட்டும். இரண்டு, வருஷத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ வரும் செலவுகளை எழுதுவது: பள்ளிக் கட்டணம், புத்தகம், உடை, தடுப்பூசி, காப்பீட்டுப் பிரீமியம், பிறந்தநாள், பயணம். எல்லாம் சேர்த்து 60,000 வந்தால் மாதம் 5,000 தனியாக எடுத்து வைக்க வேண்டும். அப்போது கடனுக்கு மிஞ்சுவது 15,000 இல்லை, 10,000தான். பார்க்கக் குறைவாகத் தெரியும். ஆனால் 10,000 வீதம் வருஷம் முழுக்கக் கட்டினால் 1,20,000 கட்டியிருப்பீர்கள். 15,000 வீதம் மூன்று மாதம் கட்டிவிட்டு நின்றவர் கட்டியது 45,000. அதிலும் ஒரு பகுதி திரும்பக் கடனாகியிருக்கும்.

குறைந்தபட்சத் தொகையோடு நிறுத்திக்கொள்வது

கிரெடிட் கார்டு கடன் உள்ளவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறையாவது பொறுமையாகப் பார்க்க வேண்டும். நிலுவை 1,00,000, வட்டி மாதம் 3%, குறைந்தபட்சமாகக் கட்டச் சொல்வது நிலுவையில் 5% என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 5,000 கட்டுகிறீர்கள். அதில் 3,000 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது 2,000. அடுத்த மாதம் நிலுவை 98,000. கேட்கும் தொகையும் 4,900 ஆகக் குறைகிறது. நமக்கு அது சலுகை போலத் தோன்றுகிறது. சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு மாதமும் கேட்டதை மட்டும் கட்டிக்கொண்டே போனால், புதிதாக ஒன்றும் வாங்காவிட்டாலும், 31 மாதத்துக்குப் பிறகு இன்னும் 53,000க்கு மேல் பாக்கி இருக்கும். அதற்குள் 1,16,000 அளவுக்குக் கட்டியும் முடித்திருப்பீர்கள். இதற்குப் பதிலாக, முதல் மாதம் கட்டிய அதே 5,000ஐக் கடைசி வரை மாற்றாமல் கட்டினால், அதே 31 மாதத்தில் கடன் முழுவதும் தீர்ந்துவிடும். மொத்தம் கட்டியது 1,55,000.

முதல் மாதத்தில் கட்டிய தொகை இரண்டிலும் ஒன்றுதான். அவர்கள் குறைத்துக் கேட்கும்போது நாம் குறைக்காமல் இருக்கிறோம், அவ்வளவே. கையில் கூடுதலாக ஒரு காசு இல்லாத குடும்பத்தாலும் இதைச் செய்ய முடியும். அதனால்தான் இதை இவ்வளவு வலியுறுத்துகிறேன். தொகையை ஒரு தாளில் எழுதி, அதையே தானாகப் போகும்படி வங்கிக் கணக்கில் அமைத்துவிடுங்கள்.

மாதம் 3% என்பதை வருஷத்துக்கு 36% என்றுதான் பலர் நினைக்கிறார்கள். கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து அதன் மேலும் வட்டி ஏறுவதால், ஒன்றும் கட்டாமல் விட்டால் வருஷத்தில் அது ஏறத்தாழ 42.6% ஆகிறது. இரண்டு வருஷத்துக்குள் கடன் இரட்டிப்பாகிவிடும். தாமதக் கட்டணம் இதில் சேரவில்லை.

பிள்ளை பேரில் சேமித்துக்கொண்டே கடனை ஓடவிடுவது

இதைப் பற்றிப் பேசுவது கடினம், ஏனென்றால் இதில் இருப்பது பாசம். குழந்தை பிறந்ததும் அதன் படிப்புக்கென்று ஒரு சேமிப்பு தொடங்குகிறார்கள். எந்த நெருக்கடியிலும் அதைத் தொடுவதில்லை. ஆனால் அதே வீட்டில் 36% வட்டியில் ஒரு கடன் ஓடிக்கொண்டிருக்கிறது.

சேமிப்பு 1,00,000க்கு 7% வட்டி கிடைத்தால் வருஷத்துக்கு 7,000 வருகிறது. அதே அளவு கார்டு கடனுக்கு வருஷத்துக்கு 36,000 போகிறது. நிகரமாக 29,000 வீட்டை விட்டு வெளியே போகிறது. அது பிள்ளையின் பணம்தான். கடனை முதலில் அடைத்துவிட்டு, அந்தத் தவணைத் தொகையை அப்படியே பிள்ளையின் சேமிப்புக்கு மாற்றினால் குழந்தைக்குச் சேருவது அதிகமாக இருக்கும். இரண்டு வயதுக் குழந்தையின் கல்லூரிக்கு இன்னும் 15 வருஷத்துக்கு மேல் இருக்கிறது. இரண்டு, மூன்று வருஷம் தள்ளித் தொடங்குவதால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

குறைந்த வட்டியில் ஓடும் நீண்ட கால வீட்டுக் கடனுக்கு இந்த வாதம் பொருந்தாது. வட்டி விகிதங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டையும் ஒன்றாக நடத்தலாம்.

அதிகம் சத்தம் போடுபவருக்கு முதலில் கட்டுவது

பல கடன்கள் இருக்கும்போது யார் அடிக்கடி போன் செய்கிறார்களோ அவர்களுக்குப் பணம் போய்விடுகிறது. சத்தத்துக்கும் ஆபத்துக்கும் சம்பந்தம் இல்லை. வீட்டு வாடகை அல்லது வீட்டுக் கடன், மின்சாரம், தண்ணீர், வேலைக்குப் போக வண்டி தேவை என்றால் அந்த வண்டியின் தவணை, இவை தவறினால் குழந்தைகளின் அன்றாடம் நேரடியாகக் குலையும். அவை முதலில். பிறகு எல்லாக் கடனுக்கும் கட்டியே தீர வேண்டிய தொகை. அதற்கு மேல் மிஞ்சும் கூடுதல் பணம் மட்டும் ஒரே ஒரு கடனின் மேல் விழ வேண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தூவினால் எதுவும் தீராது.

எந்தக் கடன் அது? வட்டி அதிகம் உள்ளதை முதலில் அடைத்தால் பணம் அதிகம் மிஞ்சும். தொகை சிறியதை முதலில் அடைத்தால் ஒரு கடன் சீக்கிரம் ஒழியும், மனதுக்குத் தெம்பு வரும், ஒரு தவணையும் குறையும். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் சொல்வது: இரண்டு, மூன்று மாதத்தில் தீரக்கூடிய சின்னக் கடன் ஏதாவது இருந்தால் அதை முதலில் முடியுங்கள். மாதச் செலவில் கிடைக்கும் அந்தத் தளர்வு உங்களுக்குப் பெரிதாக உதவும். அதன்பின் வட்டி வரிசைப்படி போகலாம்.

குறைந்த தவணையைப் பார்த்துக் கடனை மாற்றுவது

எல்லாக் கடனையும் ஒன்றாக்கிக் குறைந்த வட்டியில் ஒரே கடனாக மாற்றுவது நல்ல யோசனைதான். ஆனால் காலத்தைப் பார்க்க வேண்டும். 1,00,000 கடன், 24% வட்டி, இரண்டு வருஷத்தில் முடிப்பதாக இருந்தால் தவணை ஏறத்தாழ 5,290, மொத்த வட்டி ஏறத்தாழ 26,900. இதை 14% வட்டியில் ஐந்து வருஷக் கடனாக மாற்றினால் தவணை 2,330 அளவுக்கு இறங்கிவிடும். நிம்மதியாக இருக்கும். ஆனால் மொத்த வட்டி 39,600 ஆகிவிடும். வட்டி விகிதம் குறைந்தும் கட்டிய வட்டி கூடிவிட்டது.

அதே 14% கடனை வாங்கிக்கொண்டு பழைய 5,290ஐயே தொடர்ந்து கட்டினால் 22 மாதத்துக்குள் முடிந்துவிடும், வட்டி 14,000க்கும் குறைவு. எனவே கடனை மாற்றுவதற்கு முன் முன்கூட்டிக் கட்ட அனுமதி உண்டா, அதற்கு அபராதம் உண்டா என்று கேளுங்கள். குழந்தை பிறந்து ஒருவர் வேலைக்குப் போகாமல் இருக்கும் மாதங்களில் நீண்ட காலத் தவணை உண்மையாகவே காப்பாற்றும். அந்த மாதங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டு, வருமானம் திரும்பியதும் பழைய தொகைக்கு வந்துவிடுங்கள். மாற்றிய பிறகு காலியான கார்டுகளை மறுபடி நிரப்பாமல் இருப்பதும் இதில் அடங்கும்.

வட்டி சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். "12% தான்" என்று சொல்லி, தொடக்கத்தில் வாங்கிய முழு அசலுக்கும் கடைசி வரை வட்டி போடுகிற கடன்கள் உண்டு. இரண்டு வருஷத் தவணையில் அது, குறைந்துகொண்டே வரும் நிலுவைக்குப் போடும் வட்டியாகப் பார்த்தால், ஏறத்தாழ 21.5% ஆகும். விகிதத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், மொத்தம் எவ்வளவு கட்டி முடிப்பேன் என்று கேளுங்கள்.

ஒருவருக்கொருவர் மறைப்பது

தூக்கம் கெட்ட வீட்டில் பணப் பேச்சு சீக்கிரம் சண்டையாகிவிடும். அதனால் ஒருவர் சொல்லாமல் ஒரு கடனைச் சமாளிக்கப் பார்க்கிறார். தெரியாமல் இருக்கும் கடனுக்குத் திட்டத்தில் இடம் கிடையாது. அது எங்கிருந்தோ பணத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மற்றவருக்கு மட்டும் கணக்கு ஏன் உதைக்கிறது என்று புரியாது. மாதம் ஒரு முறை, குழந்தைகள் தூங்கிய பிறகு அரை மணி நேரம் போதும். எல்லாக் கடனின் பெயர், நிலுவை, வட்டி, தவணைத் தேதி ஒரே தாளில். பழைய செலவுக்கு யார் காரணம் என்ற விசாரணை அன்றைக்கு வேண்டாம்.

அடுத்த குழந்தையை எதிர்பார்ப்பவர்கள் இன்னொன்றையும் செய்து பார்க்கலாம். ஒருவரின் வருமானம் நிற்கப் போகிறது என்றால், அதற்குச் சில மாதம் முன்பே ஒரே வருமானத்தில் வாழ்ந்து பார்த்து, மற்றதை முழுவதும் கையிருப்புக்கும் கடனுக்கும் திருப்புங்கள். எந்த இடத்தில் இடிக்கிறது என்பது முன்னாலேயே தெரிந்துவிடும்.

நெருக்கடி வரும்போது முதலில் நிறுத்தப்படுவது காப்பீட்டுப் பிரீமியம். சம்பாதிப்பவரின் ஆயுள் காப்பீடும் குடும்பத்தின் மருத்துவக் காப்பீடும் நிற்கக் கூடாது. கடனும் சின்னக் குழந்தைகளும் ஒரே வீட்டில் இருக்கும்போதுதான் அவற்றின் தேவை மிக அதிகம். வேறு யாருடைய கடனுக்கும் இந்தக் காலத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் அந்தக் கடன் உங்களுடையது.

தவணை கட்ட முடியாது என்று முன்பே தெரிந்தால், தவறிய பிறகு ஒளிந்துகொள்வதைவிடத் தேதிக்கு முன்னால் கடன் கொடுத்தவரிடம் பேசுவது எப்போதும் நல்லது. காலத்தை நீட்டவோ சில மாதம் குறைத்துக் கட்டவோ வழி இருக்கிறதா என்று கேட்டு, ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். பல நாடுகளில் கட்டணமில்லாத கடன் ஆலோசனை கிடைக்கிறது. ஒரு கடனின் தவணைக்காக இன்னொரு உடனடிக் கடன் வாங்குவது மட்டும் வேண்டாம்.

விவரம் தெரிந்த வயதுக் குழந்தைகளுக்கு "இப்போது இதற்குப் பணம் ஒதுக்கவில்லை, வேறொன்றுக்கு ஒதுக்கியிருக்கிறோம்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். "உன்னால்தான் இவ்வளவு செலவு" என்ற சொல் மட்டும் கோபத்தில்கூட வாயில் வரக் கூடாது.

கடைசித் தவணை கட்டி முடித்ததும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும். கடன் தீர்ந்தது என்ற கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், பிணையாகக் கொடுத்த பத்திரங்களைத் திரும்பப் பெறுங்கள், தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை நிறுத்துங்கள், சில வாரம் கழித்து உங்கள் கடன் வரலாற்று அறிக்கையில் அது முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாதத் தவணை அடுத்த மாதம் எங்கே போக வேண்டும் என்பதையும் அன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்: அடுத்த கடனுக்கா, கையிருப்புக்கா, தள்ளிப் போட்ட பிள்ளையின் சேமிப்புக்கா.