லேப்டாப்புக்கு ரேம் வாங்கும்போது காசு வீணாகிற இடங்கள்

லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் வருகிற முதல் பதில், ரேம் (திறந்திருக்கும் வேலைகளை வைத்துக்கொள்ளும் தற்காலிக மெமரி) போடு. நானும் என் அக்கா மகனுக்கு யோசிக்காமல் அப்படித்தான் சொன்னேன். 8 ஜிபி வாங்கிப் போட்டான், திறக்க அதே ஐந்து நிமிடம். பிரச்சினை பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது, அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் மாற்றிய அன்றே சரியாகிவிட்டது.

அதனால் வாங்கும் முன் பாருங்கள். தினமும் செய்கிற வேலையை எல்லாம், குரோம் டேப்கள், எக்ஸெல், வீடியோ மீட்டிங் வரை, திறந்து வைத்துக்கொண்டு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தொடுங்கள். 8 ஜிபியில் 7க்கு மேலேயே நிற்கிறதென்றால் ரேம் போதவில்லை. பாதிகூட நிரம்பாமல் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் கிடந்தால் கவனிக்க வேண்டியது டிஸ்கைத்தான்.

அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட் (ரேம் செருகும் இடம்), எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் வரும். இதை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள். மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே சால்டர் செய்து பற்றவைக்கப்பட்டிருக்கும், அதையும் ஸ்லாட் மாதிரி எண்ணிக் காட்டுவதுண்டு. ஃபார்ம் ஃபாக்டர் என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் கழற்ற முடியாத ரேம் என்று அர்த்தம். ஆப்பிளின் எம்1 சிப் முதல் வந்த மேக்புக்குகளில் பிறகு கூட்டவே வழியில்லை, வாங்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். எதுவானாலும் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, கம்பெனியின் சர்வீஸ் மேனுவலில் அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து ரேமின் வகை, அதாவது டிடிஆர் தலைமுறை. டிடிஆர்3க்கு 204 பின் (விளிம்பில் உள்ள தங்க நிறத் தொடுமுனைகள்), டிடிஆர்4க்கு 260, டிடிஆர்5க்கு 262, நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறும், ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. ஏமாற்றுவது டிடிஆர்3தான். 1.5 வோல்ட்டில் ஓடும் சாதாரண டிடிஆர்3ம், 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்லும் பார்வைக்கு ஒன்றே, ஸ்லாட்டிலும் அழகாகப் பொருந்தும். ஆனால் 1.35 மட்டுமே ஏற்கிற லேப்டாப்பில் சாதாரணத்தைப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். பழைய ரேம் ஸ்டிக்கைக் கழற்றி லேபிளைப் படித்துவிட்டு, முடிந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வேகத்துக்கு அதிகம் கொடுக்க வேண்டாம். 2400 வேகம் வரை ஏற்கிற லேப்டாப்பில் 3200 வேக ரேம் போட்டாலும் அது 2400இல்தான் ஓடும். அதைவிட, இரண்டு ஸ்லாட்டையும் நிரப்புவதில் பலன் அதிகம். கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இல்லாத லேப்டாப் திரைக்கான வேலைக்கும் இதே ரேமைத்தான் எடுத்துக்கொள்கிறது, இரண்டு ஸ்டிக் இருந்தால் தரவு இரண்டு வழியில் ஒரே நேரத்தில் போகும், அதனால் ஒற்றை 16 ஜிபியை விட இரண்டு 8 ஜிபி நன்றாக ஓடும். இருக்கிற 4 ஜிபி ஸ்டிக்கோடு 8ஐச் சேர்த்தாலும் பெரும்பாலும் ஓடும், பழையதைத் தூக்கிப் போட வேண்டாம். அப்புறம், பழைய வகையான 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் பயன்படாது.

மாட்டும்போது ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அப்போதுதான் முழுசாக அணையும். சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி கனெக்டரையும் கழற்றிவிட்டு, ஒரு உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்டிக்கைச் சாய்வாகச் செருகி, தங்க நிறப் பின்கள் ஏறக்குறைய மறைந்த பிறகு கீழே அமுக்கினால் இருபுறக் கிளிப்பும் 'டிக்' என்று பிடிக்கும். போட்டதும் திரை வரவில்லையென்றால் முக்கால்வாசி நேரம் ஸ்டிக் சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். டிடிஆர்5 ஆக இருந்தால் கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள், புது ரேமைப் பழக்கிக்கொள்ள முதல் முறை சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும்.

விண்டோஸ் வந்ததும் பாக்ஸையும் பில்லையும் பத்திரமாக வைத்துவிட்டு, அன்றிரவே, விண்டோஸிலேயே இருக்கும் ரேம் சோதனையான விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட விடுங்கள். பிழை ஒன்று வந்தாலும் கடையில் மாற்றிக் கேட்கலாம்.